திருவாதிரையும் முகூர்த்த நாட்களும்

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் துறையின் கீழ்த்தளத்தில் ஒரு சந்தை கூடும். சந்தை என்றுதான் இங்கே அதற்குப் பெயர், நான் கேலிக்குச் சொல்லவில்லை. இயற்பியல் இளநிலை மாணவர்கள் கடைசி வருடத்தில் ஒரு ஆராய்ச்சித் திட்டம் செய்தாக வேண்டும். அதற்கான யோசனைகளை ஆசிரியர்கள் நாங்கள் ஆளுக்கொரு சுவரொட்டியில் அச்சடித்து ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மாணவர்கள் கையில் சீஸ் வைத்த ரொட்டியோடு வருவார்கள், வாசிப்பார்கள், மென்றுகொண்டே ஒன்றிரண்டு கேள்வி கேட்பார்கள், பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் காய்க்கார அம்மாள் ஒரு பார்வை பார்ப்பார். நெதர்லாந்தின் வடக்கே இந்தச் சிறிய ஊரில் வானியற்பியல் கற்பிக்க வந்து பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பார்வை எனக்கும் நன்றாகப் படிந்துவிட்டது. ஆனாலும் நிற்கும்போது கால் கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. வாத்தியார் நிற்க, மாணவன் தின்றுகொண்டே விசாரிக்கிற உலகத்தில் நான் வளரவில்லை.

போன நவம்பரில் யோரிஸ் என்ற மாணவன் என் சுவரொட்டியை முழுதாக வாசித்தான். ஏற்கெனவே ஒளி அளவுகள் எடுத்துவைத்த ஒரு இரட்டை விண்மீனை மறுபடி ஆராய்வதுதான் என் திட்டம். அவன் நிமிர்ந்து, "இதற்கு விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?" என்று கேட்டான். பையன் பயப்படுகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன். "தெரியும், கவலையே படாதே, சரியான விடை கண்டிப்பாக வரும்" என்று தோளில் தட்டாத குறையாகத் தைரியம் சொன்னேன். அவன் "யாமர்" என்றான். ஐயோ பாவம் என்பதற்கும் வீணாகிவிட்டதே என்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற டச்சுச் சொல் அது. பிறகு ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த சுவரொட்டிக்குப் போய்விட்டான். அவன் பயந்து கேட்கவில்லை, விடை தெரிந்த கேள்விக்கு ஆறு மாதம் செலவழிக்க வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறான் என்பது சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் உறைத்தது. எதிர்க்காற்று வேறு. இந்த ஊரில் எல்லாப் புத்தியும் எனக்குச் சைக்கிளில்தான் வருகிறது.

நான் அப்படிப் பதில் சொன்னதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் நான் பி.எஸ்சி. படித்தபோது 'ப்ராஜெக்ட்' என்றால் அது முடிந்துபோன ஒரு பொருள். மூன்று பேர் சேர்ந்து ஒரு மின்வழங்கிப் பெட்டி செய்தோம். முந்தின வருட அக்காமார் செய்த அதே பெட்டி, அதற்கு முந்தின வருடமும் அதேதான். பல்பு எரிந்தால் ரிசல்ட் வந்தாயிற்று. பிறகு கறுப்புக் காலிகோ அட்டை, தங்க எழுத்து, நன்றியுரையில் முதலில் கடவுள், அப்புறம் முதல்வர், துறைத்தலைவர், அப்புறம் பெற்றோர். வைவா அன்றைக்கு வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார். அவருக்கு மிக்சரும் அல்வாவும் டீயும் ஏற்பாடு செய்வதில்தான் எங்கள் திறமை முழுதும் செலவானது. அவர் பல்பைப் பார்த்து, "எரியுதா? சரி" என்றார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. விடை தெரியாத ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் அவர்தான் எதை வைத்து மார்க் போடுவார்? அந்த ஏற்பாட்டுக்குள் அது நியாயமாகவே இருந்தது. எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

சந்தை முடிந்த அடுத்த வாரம் ஜெபா கூப்பிட்டாள். என்னோடு அந்தப் பல்பை எரிய வைத்தவர்களில் ஒருத்தி. இப்போது பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாள். அவளுடைய வகுப்பில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண், ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். வானியலில்தான் ப்ராஜெக்ட் செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். "அவ அப்பா கூட்டுறவு சங்கத்துல கிளார்க்கு. பி.எட். படிச்சா ஒரு வேலையாவது உண்டுன்னு நிக்காவ. பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சி நிலையத்துல கோடை விடுமுறைக்குப் பிள்ளையள எடுக்காவல்லா, அது கெடச்சா எம்.எஸ்சி.க்கு விடுதேன்னு சொல்லியிருக்காவ. அதுக்கு நல்ல ப்ராஜெக்ட் ஒண்ணு கையில இருக்கணும். ஏட்டி உமா, கஷ்டமில்லாம, ரிசல்ட் வாறமாரி ஒண்ணு குடு" என்றாள். சரி என்றேன். போனை வைத்த பிறகு யோரிஸ் சொன்ன யாமர் காதில் விழுந்தது. பல்பு எரிகிற ப்ராஜெக்டை இந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தது நான், மார்க் வாங்க வேண்டியது அவள். அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

நல்ல திட்டம் தேடுவது சொல்வதுபோல லேசில்லை. பி.எஸ்சி. மாணவியால் நாலு மாதத்தில் முடிய வேண்டும், காசு ஆகக் கூடாது, அதே சமயம் யாருக்காவது அந்த விடை தேவைப்பட வேண்டும். விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவு இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அதை ஆழ்வார்திருநகரியில் உட்கார்ந்து செய்தாலும் ஒன்றுதான், இங்கே செய்தாலும் ஒன்றுதான். யோரிஸ் மாதிரி ஆட்கள் உலகமெங்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே மட்டும் இருந்து, இங்கே இல்லாதது என்ன என்று யோசித்தபடி ஜன்னலைப் பார்த்தேன். நவம்பர் வானம் ஈயப் பாத்திரத்தின் அடி போல இருந்தது. எங்கள் மாடியில் மாணவர்களுக்கென்றே அருமையான தொலைநோக்கி இருக்கிறது. அதற்கு மூடி போட்டு வைக்கிற நாட்கள்தான் அதிகம். திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டிவிட்டால் வைகாசி வரை வானம் துடைத்துவிட்டது போலக் கிடக்கும். அதை நிமிர்ந்து பார்க்கத்தான் ஆள் கிடையாது.

அப்போதுதான் திருவாதிரை நினைவுக்கு வந்தது. ஓரியன் கூட்டத்தில் சிவப்பாக எரிகிற பெரிய விண்மீன் அது. சில வருடங்களுக்கு முன்னால் வழக்கத்தை மீறி மங்கி எல்லாரையும் பதற வைத்தது. அது ஏன் அப்படிக் கூடிக் குறைகிறது என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பெரிய தொலைநோக்கிகளுக்கு அது ஆகாது. அத்தனை பிரகாசம், கருவியின் கண் கூசிப்போகும். சாதாரணக் கேமராதான் அதற்குச் சரி. இன்னொரு சிக்கலும் உண்டு. ஏப்ரல் கடைசியில் வடக்கு ஐரோப்பாவில் மாலை வெளிச்சம் நீண்டுகொண்டே போய் அந்த விண்மீனை விழுங்கிவிடும். நெல்லை பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் பொழுது சட்டென்று இருட்டும். அங்கிருந்து பார்த்தால் மே மாதக் கடைசி வரை அது மேற்கே தெரியும். அந்த ஒரு மாதம் எங்கள் பதிவில் எப்போதும் ஓட்டை. அதை அடைக்க ஒரு கேமராவும் ஒரு மொட்டை மாடியும் ஒரு பிடிவாதக்காரியும் போதும். எனக்கே திருவாதிரைதான் ஜென்ம நட்சத்திரம். அம்மா மாதந்தோறும் நெல்லையப்பர் கோவிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்கிறாள். எங்கள் ஊரில் அந்த நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதவர்கள் இல்லை, வானத்தில் அது எது என்று காட்டச் சொன்னால்தான் முழிப்பார்கள். எம்.எஸ்சி.க்கு வருகிற வரை நானும் முழித்தவள்தான்.

இசக்கியின் தாய்மாமா ஸ்ரீவைகுண்டத்தில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். கேமரா அவருடையது. ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து, விண்மீனின் ஒளி ஒரு சின்ன வட்டமாகப் பரவும்படி படம் எடுக்க வேண்டும். அதே படத்தில் விழுகிற, பிரகாசம் மாறாத வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டு, திருவாதிரை அன்றைக்கு எவ்வளவு பிரகாசம் என்று கணக்கிட வேண்டும். இதை வீடியோ அழைப்பில் சொல்லிக்கொடுத்தேன். மங்கலாக எடுக்கச் சொன்னதும் மாமா பக்கத்திலிருந்து, "மங்கலா எடுக்கவா கேமரா? யாரு மக்கா அந்த மேடம்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. இசக்கி போனைப் பொத்திக்கொண்டாள். மார்கழி முழுதும் அவள் எடுத்தனுப்பினாள். கையில் திறமை இருந்தது. இங்கே எங்கள் மாடியில் தொலைநோக்கிகளைப் பராமரிக்கிற மரைகே, கிடைத்த சில தெளிவான மாலைகளில் அதே விண்மீனை எடுத்தாள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டோம், எங்களுடையது நீலப் புள்ளி, இசக்கியுடையது சிவப்பு. நீலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. சிவப்பு ஒரு நாள் விடாமல் வரிசையாக நின்றது. மரைகே பொறாமைப்பட்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். இப்போதெல்லாம் நேரலை வைத்துவிடுகிறார்கள். புலம்பெயர்ந்தவர்களுக்கு இது தெரியும். நாம் போகவில்லை என்பதற்குச் சாக்கும் போய்விட்டது, போனதாகவும் ஆகவில்லை. இங்கே மதியம் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு ரிசப்ஷனைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் மண்டபத்துக்கு வெளியே காலம் தப்பிய மழை கொட்டியது. மணமக்களை வரவேற்ற பிளக்ஸ் தட்டி சாய்ந்தது. சித்தி யாரையோ நாற்காலியை உள்ளே போடச் சொல்லிக் கத்தினாள், மின்சாரம் போய்ப் பாட்டுக் கச்சேரி நடுவில் நின்றது. அந்த வாரக் கடைசியில் இசக்கியின் அளவுகள் வந்தன. அந்த மழை மாலைக்கும் ஒரு அளவு இருந்தது. அழகாக, முந்தின நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது.

அன்றே கூப்பிட்டேன். "இசக்கி, செவ்வாக்கிழம சாயந்திரம் உங்க ஊர்ல மழை இல்லையா?"

"இங்கன லேசாத் தூத்தல்தான் மேடம். பொறவு தெளிஞ்சிட்டு. ஆனா அன்னைக்கிக் கேமரா வீட்ல இல்ல. மாமா ஒரு ரிசப்ஷனுக்கு எடுத்துட்டுப் போயிட்டாவ."

"அப்ப இந்த ரீடிங்?"

"முந்தின நாளையும் மறுநாளையும் பாத்து நடுவுல போட்டேன் மேடம். தை பொறந்ததுல இருந்தே முகூர்த்த நாள்ல கேமரா கெடைக்காது. அதெல்லாம் அப்படித்தான் போட்டேன்."

சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைத்தாள் என்று சொல்கிற குரலில் சொன்னாள். ஒளிக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. "காலியா விட்டா சைன் போடமாட்டாவல்லா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். அவள் சொன்னது உண்மை. எங்கள் ஆய்வுக்கூடங்களில் அட்டவணையின் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நீ வேலை செய்யவில்லை என்று அர்த்தம். புள்ளிகளைச் சேர்த்து வழவழப்பான வளைகோடு வரைவதற்கு மூன்று வருடம் பயிற்சி கொடுத்தவர்கள், கட்டத்தைக் காலியாக விடுவதற்கு ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் நல்ல மாணவி, அவ்வளவுதான்.

"எடுக்காத அன்னைக்கி எடுக்கலைன்னு எழுது" என்றேன்.

"ஏன் எடுக்கலைன்னு கேப்பாவளே மேடம்."

"கேட்டா சொல்லு."

"என்னன்னு சொல்ல? ஊர்ல கல்யாணம்னா?"

"ஆமா. கல்யாணம்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். அதுவரை என்னிடம் அவள் சிரித்ததில்லை. நான் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது. உண்மையில் எடுக்காத புள்ளிகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும், ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றேன். "சரி மேடம்" என்றாள். எங்கள் ஊரில் சரி என்றால் கேட்டுக்கொண்டேன் என்றும் பொருள், மாட்டேன் என்றும் பொருள். இரண்டு நாள் கழித்து அட்டவணை வந்தது. அழித்திருந்தாள். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் எதிரே, 'கேமரா திருமணத்திற்குச் சென்றது' என்று ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

புதிய வரைபடத்தைப் பார்த்த மரைகே, "பருவமழையா?" என்று கேட்டாள். "இல்லை, கல்யாணம்" என்றேன். "யாருக்கு?" "எல்லாருக்கும்." அவள் காபியைக் கீழே வைத்தாள். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பது, வளர்பிறை முகூர்த்தத்துக்குக் கிராக்கி அதிகம் என்பதெல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படிப்பட்ட நாட்களில் வானத்தைப் பார்க்கக் கூடாது என்று உங்கள் மதத்தில் இருக்கிறதா, அந்தப் பெண்ணுக்கு நம்மால் சங்கடம் வேண்டாமே என்றாள். மதமெல்லாம் இல்லை, கேமரா ஒன்றுதான், அதற்கு அங்கே வேறு வேலை இருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பிறகும் அவள் சிரிக்கவில்லை. அப்படியானால் இடைவெளிகள் நிலவின் பிறையோடு சேர்ந்து வருகின்றன, அதைக் குறிப்பில் கட்டாயம் எழுத வேண்டும் என்று தன் கணினியில் குறித்துக்கொண்டாள். இந்த நாட்டுக்காரர்களிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இந்த ஒன்றுதான். எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

ஜெபா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பைண்டிங்குக்குப் போவதற்கு முன்னால் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, உனக்கென்ன, அங்கன இருந்துக்கிட்டு நேர்மை பேசுவ. எக்ஸ்டர்னல் வந்து பாதி கட்டம் காலியா இருக்குன்னு மார்க்கக் கொறச்சா, போறது இந்தப் பிள்ளைக்கில்லா போவும்? பெங்களூர் போச்சுன்னா அவ அப்பா அன்னைக்கே பி.எட். அப்ளிகேஷன் வாங்கிருவாவ. உன் நட்சத்திரத்துக்கு என்ன, அது பாட்டுக்கு எரியும்." எனக்குக் கோபம் வந்தது. பொய் அளவை வைத்துக்கொள்ளச் சொல்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னதில் மறுக்க ஒன்றுமே இல்லை. எடுக்காத அளவை வைத்திருக்க முடியாது, அது எனக்கு உறுதி. அந்த உறுதிக்கு விலை கொடுக்கப்போவது நான் இல்லை, அதுவும் உறுதி. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பேசத் தெரியாமல், "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். பாப்போம் என்பதும் எங்கள் ஊர்ச் சொல்தான்.

வைவா ஏப்ரலில் நடந்தது. ஜெபா சொல்லித்தான் தெரியும். எக்ஸ்டர்னல் நல்ல மனிதர்தானாம். அட்டவணையைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, பாதி ரீடிங்கைக் காணோமே? கேமரா கல்யாணத்துக்குப் போச்சுன்னு எழுதியிருக்க, மொய் எழுதிச்சா?" என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு, "சரி, ரிசல்ட் என்ன?" என்றிருக்கிறார். இசக்கி, "இன்னும் தெரியல சார். நட்சத்திரம் மே மாசம் வரைக்கும் தெரியும். அதுக்குப் பொறவுதான் சொல்ல முடியும்" என்றாளாம். "வைவா இன்னைக்கில்லாம்மா?" என்றாராம் அவர். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கிற கருவி செய்த அணிக்கு முதல் மார்க். இசக்கிக்கு வகுப்பிலேயே கீழிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடுகிற இடம். பெங்களூருக்கு நான் பரிந்துரை எழுதினேன், என்னால் முடிந்தவரை நன்றாகவே எழுதினேன். தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை. அவள் அப்பா பி.எட். விண்ணப்பம் வாங்கிவிட்டார். இதை ஜெபா குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை நானும் மரைகேயும் மாடிக்குப் போனோம். வெளிச்சம் போகவே மாட்டேன் என்று நின்றது. அடிவானத்துக்கு ஒட்டின மாதிரி திருவாதிரை மங்கலாக ஒரு தடவை தெரிந்தது. அதுவே எங்கள் கடைசி நீலப் புள்ளி. இனி சிவப்புதான் வர வேண்டும். இந்த ஒரு மாதத்துக்காகத்தான் அந்தத் திட்டமே. ஆனால் இசக்கியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மார்க் போட்டாயிற்று, பைண்டிங் அலமாரிக்குள் போயாயிற்று. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு ப்ராஜெக்டைத் தொடுகிறவர்கள் கிடையாது. எந்த முகத்தோடு நான் கேட்பது? ஓட்டை இந்த வருடமும் ஓட்டையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மரைகேயிடம், மாணவிக்குத் தேர்வு முடிந்துவிட்டது என்றேன். அவள், "அதனால்?" என்றாள். அவளுக்குப் புரியவில்லை, எனக்கு விளக்கவும் தெம்பில்லை.

மே இரண்டாம் வாரத்தில் போனில் படங்கள் வந்து விழுந்தன. அவள் ஏப்ரலிலும் நிறுத்தவில்லை, எனக்கு அனுப்பாமல் இருந்திருக்கிறாள், அவ்வளவுதான். மார்க் குறைந்ததில் எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தாளாம். நான் அவளைக் கூப்பிட்டு, இனி இதற்கு மார்க்கும் கிடையாது, சான்றிதழும் கிடையாதே, தெரியும்தானே என்று கேட்டேன். "தெரியும் மேடம்" என்றாள். "வைவாவுல ரிசல்ட் என்னன்னு கேட்டாவல்லா, எனக்கும் தெரியணும்ல? பாதியில விட்டா எனக்கு ஒறக்கம் வராது. சாயந்திரம் சும்மாதான இருக்கேன்." வைகாசி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி வந்தன. கட்டங்கள் காலியாகவே கிடந்தன, எதிரே அதே வாக்கியம். மாதக் கடைசியில் மேற்கே மலைப்பக்கம் மேகம் ஏறத் தொடங்கியது. ஒரு நாள், 'பொதிகை மேகம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு இரண்டு மாலை முன்னால் கடைசிச் சிவப்புப் புள்ளி. அவளுடைய புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மங்கிக்கொண்டு வந்த விண்மீன் மே நடுவில் திரும்பிப் பிரகாசமாகத் தொடங்கியிருந்தது தெரிந்தது. நாங்கள் மாடியிலிருந்து இறங்கிய பிறகு நடந்தது அது. பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விடை இருந்தது, முன்னால் யாருக்கும் தெரியாத விடை. எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. இந்த ஊரில் ஆபீஸில் கத்துவதில்லை என்பதால் போய் ஒரு காபி குடித்தேன்.

அதன்பின் திருவாதிரை சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஜூலை நடுவில் ஒரு காலை இங்கே எழுந்தபோது இசக்கியின் குரல்செய்தி வந்திருந்தது. பின்னால் ஆடிக்காற்று இரைந்தது. "வந்துட்டு மேடம். கிழக்க, நம்ம கொற்கைப் பக்கமா, வெளுக்கதுக்கு முன்னால தெரியுது. ஆடி பொறந்துட்டு, இனி ஒரு மாசத்துக்கு ஒரு கல்யாணமும் கெடையாது, கேமரா நம்மகிட்டதான். காத்துல ஸ்டாண்டு நிக்கல, அப்பாதான் கெட்டியாப் புடிச்சிக்கிட்டாவ. எதுட்டி அந்தச் செவப்பு, எனக்கும் காட்டுன்னு கேட்டாவ. காட்டுனேன்." கடைசியில் குரலைத் தாழ்த்தி, பி.எட். சேர்ந்தாலும் பெங்களூருக்கு அடுத்த வருடம் திரும்பப் போடலாமா என்று கேட்டிருந்தாள். போடலாம், இந்தத் தடவை ரிசல்ட்டோடு போடு என்று பதில் எழுதினேன். படமும் அனுப்பியிருந்தாள். மங்கலான சின்ன வட்டங்கள், ஓரத்தில் ஒரு கை, கேமரா ஸ்டாண்டின் காலை இறுக்கிப் பிடித்திருக்கிற, நரைத்த மயிர் உள்ள ஒரு மனிதரின் முழங்கை.

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். "இன்னைக்கி உன் நட்சத்திரம்லா, கோவிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு இப்பதான் வாறேன். அங்கன எல்லாரும் சௌக்கியமா?" சௌக்கியம் என்றேன். பேசியபடியே சமையலறை ஜன்னலைத் திறந்து கிழக்கே பார்த்தேன். வெகுநேரம் முன்பே விடிந்திருந்தது, எதிர் வீட்டு ஓட்டின்மேல் வெயில். என் நட்சத்திரம் ஊரில் உதித்துவிட்டது. எனக்கு இங்கே அது தெரிய ஆகஸ்ட் வர வேண்டும்.